பதினோராம் நாள்: மொரீஷியஸில் ஒரு ஹெராயின் சிகிச்சை, நிகழ்வு ஆய்வு

காவடிக்குப் பத்து நாள் விரதம். பத்து நாளும் மரக்கறிச் சாப்பாடு, தரையில் பாய், காலையும் மாலையும் கோயில். 'பிரவுன்' (ஹெராயினுக்கு இந்த ஊர்ப் பெயர்) பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காவடியை இறக்கி, வாழையிலையில் ஏழு கறியோடு சோறு சாப்பிட்டு, மறுநாள் மாலை பழைய சிநேகிதனைப் பார்க்கப் போனார். அன்றிரவு குளியலறைக் கதவை உடைத்துப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்து, குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு தரையில் கிடந்தார். ஊசியில் அவர் ஏற்றிக்கொண்டது விரதத்துக்கு முன்பு அன்றாடம் போட்ட அதே அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இவரை ம. என்று குறிப்போம். ம. ஒரு தனி ஆள் அல்ல. மொரீஷியஸில் ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை நடக்கும் விதத்தையும், அது எங்கெங்கே தடுக்கி விழுகிறது என்பதையும் ஒரே கோப்பில் காட்டுவதற்காகக் கட்டிய மாதிரி ஆள். மருந்தளவு, நாள் கணக்கு, சட்டம், ஆண்டு ஆகியவை மாதிரி அல்ல, உள்ளபடி.

வந்த நிலை

வயது 34. டைல்ஸ் பதிக்கும் வேலை. போர்ட் லூயிக்கு வெளியே அம்மாவோடும் அக்காவோடும் இருக்கிறார். அம்மா தமிழில் பேசுவார், மகன் கிரியோலில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் அதில் சிரமம் இல்லை. 20 வயதில் புகையாக இழுக்கத் தொடங்கி, 23 வயதில் ஊசிக்கு மாறியிருக்கிறார். நாளுக்கு மூன்று நான்கு முறை. இரவு நேரத்தில் ஒருமுறை தவறினால் விடியற்காலையில் 'யென்' பிடித்துவிடும். போதை இறங்கும்போது வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஊர்த் தெருப்பேச்சில் அதுதான் பெயர்.

அம்மா சொன்ன முதல் வாக்கியம்: "ஆறு தடவை விட்டுட்டான் டாக்டர், ஆறு தடவையும் திரும்பப் போயிட்டான். மனசு திடமில்லாத பிள்ளை."

அந்த ஆறு தடவையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைத்ததுதான் இந்தக் கோப்பின் மிகப் பயனுள்ள பக்கம். முதல் முறை வீட்டு அறையில் பூட்டிவைத்து நான்கு நாள். இரண்டாம் முறை மருந்துக்கடையில் வாங்கிய தூக்க மாத்திரையோடு ஒரு வாரம். மூன்றாவது, ஜெபமும் வேலையும் மட்டுமே சிகிச்சையாக இருந்த ஒரு விடுதியில் மூன்று மாதம். நான்காவது சிறை, ஐந்து மாதம். ஐந்தாவது, குறுகிய காலம் சுபாக்ஸோன் (ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஒரு மாற்று மருந்து) கொடுத்து உடலைச் சுத்தப்படுத்தி, பிறகு நால்ட்ரெக்ஸோன் மாத்திரை. இரண்டு மாதம் விழுங்கிவிட்டு நிறுத்திவிட்டார். ஆறாவது காவடி விரதம்.

இதைப் படித்தால் மனத்திடம் இல்லாத ஆளாகத் தெரியவில்லை. நான்கு நாள் யென்னைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியவர். ஐந்து மாதம் தொடாமல் இருந்தவர். ஒவ்வொரு முறையும் விட்டிருக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. இன்னொரு வரிசையையும் பக்கத்தில் எழுதினோம்: மூச்சு முட்டி மயங்கிய சம்பவங்கள் மூன்று. சிறையிலிருந்து வெளியே வந்த வாரம் ஒன்று. நால்ட்ரெக்ஸோனை நிறுத்தி ஒன்பதாம் நாள் ஒன்று. காவடிக்கு மறுநாள் ஒன்று. தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்த வருடங்களில் ஒருமுறைகூட இல்லை.

காரணம் எளிது. ஹெராயினுக்கு உடல் பழகும்போது மூச்சை இயக்கும் மூளைப் பகுதியும் சேர்ந்து பழகுகிறது. அதனால்தான் பழகாத ஆளைக் கொன்றுவிடும் அளவை இவர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடிந்தது. நிறுத்திய சில நாளிலேயே அந்தத் தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கிவிடும். ஆசை இறங்காது. கைக்குப் பழகிய அளவும் மறக்காது. பத்து நாள் கழித்துப் பழைய அளவைப் போடும்போது மூளைக்கு அது புதிய ஆளின் முதல் ஊசி. நால்ட்ரெக்ஸோன் கதையும் இதேதான்: மூளையில் ஹெராயின் போன்றவை போய் ஒட்டும் இடங்களை, அதாவது ஓப்பியாய்டு ஏற்பிகளை, அடைத்துவைக்கும் மருந்து அது. விழுங்கும் வரை நல்ல பூட்டு. நிறுத்திய பிறகு உள்ளே இருப்பது முற்றிலும் பழக்கம் போன உடல்.

அந்த இரவு

அக்கா செய்தவற்றில் இரண்டு தவறு, இரண்டு சரி. முகத்தில் தண்ணீர் அடித்தார், வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றப் பார்த்தார். மயங்கிய ஆளின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகும். பிறகு 114-ஐ அழைத்தார். சாமு என்ற அவசர மருத்துவ வண்டி வரும் வரை தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் ஊதினார். ஹெராயினால் சாகிறவர் பெரும்பாலும் மூச்சு நின்று சாகிறார். இதயம் அதற்குப் பிறகுதான் நிற்கும். அதனால் இங்கே ஊதுவதுதான் முதல் வேலை.

ஹெராயினை முறிக்கும் மருந்தான நாலாக்ஸோன் 0.4 மி.கி. தசையில் ஏற்றினால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். திரும்பாவிட்டால் மறுபடி அதே அளவு. ஆள் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போறேன்" என்பார். அங்கேதான் ஆபத்து. நாலாக்ஸோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம் வரைதான். உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதைவிட நீண்ட நேரம் நின்றால், மருந்து விலகியதும் மூச்சு மறுபடி அடங்கும். ம. எழுந்து 40 நிமிடத்தில் மீண்டும் சொக்கத் தொடங்கினார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்ததால் பிழைத்தார்.

மதிப்பீடு

முதல் சந்திப்பில் பார்த்தவை. யென் எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போடும் 'கௌஸ்' தாளில் 11 கூறு: நாடி, வியர்வை, நிலைகொள்ளாமை, கண்மணி விரிவு, எலும்பு மூட்டு வலி, மூக்கு கண் ஒழுகல், வயிறு, கை நடுக்கம், கொட்டாவி, பதற்றம், மயிர்க்கூச்சு. அதிகபட்ச மதிப்பெண் 48. ஐந்திலிருந்து 12 வரை லேசான யென், 13–24 நடுத்தரம், 25–36 ஓரளவு கடுமை, 36-க்கு மேல் கடுமை. ம.வுக்கு 16. இந்த எண் ஒரு சடங்கு அல்ல. நோயாளி உண்மையிலேயே யென்னில் இருக்கிறாரா, அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்பதை இது காட்டிவிடும். கொட்டாவியை நடிக்கலாம், கண்மணியை நடிக்க முடியாது.

கை நரம்புகள் கயிறு மாதிரி இறுகிப்போயிருந்தன. இடது முழங்கை மடிப்பில் சீழ்க்கட்டி ஆறிய தழும்பு. எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைடிஸ் சி உண்டு. இந்தத் தீவில் ஊசி போடுகிறவர்களிடம் நடத்திய கணக்கெடுப்புகளில் ஹெபடைடிஸ் சி 90 விழுக்காட்டுக்கும் மேல் வந்திருக்கிறது, ஆகவே இது எதிர்பார்த்ததே. ஈ.சி.ஜி.யில் கியூ.டி.சி. (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் இடைவெளி) 428 மில்லி விநாடி. ம.வுக்குக் கொடுக்கப்போவது மெதடோன், ஹெராயினுக்குப் பதிலாக நாள்தோறும் குடிக்கும் மாற்று மருந்து. அது அந்த இடைவெளியை நீட்டும் என்பதால் தொடங்கும் முன்னரே ஒரு எண் கையில் இருக்க வேண்டும்; 450-ஐத் தாண்டினால் கவனம், 500-ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் மார்ஃபின் தெரிந்தது; ஹெராயின் உடலுக்குள் மார்ஃபினாக மாறும். மெதடோன் இந்தப் பரிசோதனையில் தெரியாது, அதற்குத் தனிப் பட்டை வேண்டும். இது தெரியாமல், "மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறேன், ஆனா டெஸ்ட்ல ஒண்ணும் வரல" என்று பயந்துபோகும் நோயாளிகள் உண்டு. இன்னொன்று: கசகசா அரைத்துவிட்ட குருமாவோ பாயசமோ நன்றாகச் சாப்பிட்டால் மார்ஃபின் இருப்பதாகக் காட்டக்கூடும். விசேஷத்துக்கு மறுநாள் வரும் ஒரே ஒரு முடிவை வைத்து ஒருவரைப் பொய்யராக்கக் கூடாது.

கேட்காமல் சொல்லமாட்டார்கள் என்பதால் கேட்டவை: தூக்க மாத்திரை உண்டா, மது உண்டா, 'சிமிக்' என்ற செயற்கைக் கஞ்சா உண்டா, சுபுடெக்ஸ் (புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தின் மாத்திரை) உண்டா. நான்காவதற்கு ம. சிரித்தார். ஒருமுறை சிநேகிதன் கொடுத்த சுபுடெக்ஸை, பிரவுன் போட்ட நான்கு மணி நேரத்தில் நாக்கடியில் வைத்திருக்கிறார். அரை மணியில் வாழ்நாளில் காணாத யென். புப்ரெனார்ஃபின் ஏற்பியைப் பிடிக்கும் இறுக்கத்தில் அங்கே இருக்கும் ஹெராயினைத் தள்ளிவிடும், ஆனால் அதற்கு ஈடான பலத்தைத் தராது. யென் நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகே அதை எடுக்க வேண்டும். "எனக்கு அந்த மருந்து ஒத்துக்காது" என்று அவர் நம்பியிருந்தது நேரம் தப்பிய ஒரு மாத்திரையால்.

மருந்து எங்கிருந்து வந்தது

நீட்டாமல் சொல்வதானால்: 1985 டிசம்பர் 31 அன்று நான்கு மொரீஷிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஹெராயினோடு பிடிபட்டதிலிருந்து இந்த நாட்டில் யாரும் பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு போர்ட் லூயியின் ப்ளேன் வெர்தில் இத்ரிஸ் கூமானி போதைச் சிகிச்சை மையம் தொடங்கியது. 2005-இல் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்களில் 92 விழுக்காட்டினர் ஊசி போடுகிறவர்கள். அந்த எண்தான் அரசை அசைத்தது. 2006-இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஊசி மாற்றித் தரும் திட்டம், மெதடோன் மூன்றும் வந்தன. சட்டத்தில் ஒரு கோணல் மட்டும் நின்றுபோயிற்று: ஊசியைக் கொடுக்க ஒரு சட்டம் அனுமதிக்க, அந்த ஊசியைப் பையில் வைத்திருப்பதை 2000-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் குற்றமாகப் பார்த்தது.

2015-இல் புதியவர்களை மெதடோனில் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, சுபாக்ஸோன்–நால்ட்ரெக்ஸோன் வழி முன்னுக்கு வந்தது. ம.வின் ஐந்தாவது முயற்சி அந்தக் காலத்தது. பிறகு மெதடோன் சேர்க்கை மறுபடி தொடங்கியது. நால்ட்ரெக்ஸோன் கெட்ட மருந்து என்று யாரும் சொல்லவில்லை. வேலையும் குடும்பமும் உறுதியாக இருந்து, தினமும் கண்முன்னே மாத்திரை விழுங்க வைக்க ஒருவர் இருந்தால் சிலருக்கு அது பொருந்தும். எல்லோருக்கும் அதுவே என்று விதித்ததுதான் பிழை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, சொந்தப் பாவனைக்காகப் பிடிபடுகிறவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நிர்வாகக் குழு வழியாகச் சிகிச்சைக்கு அனுப்ப வழி உண்டு.

தொடக்க வாரங்கள்

முதல் நாள் மெதடோன் 20 மி.கி. நான்கு மணி நேரம் காத்திருந்து பார்த்ததில் சொக்கல் இல்லை, யென் கொஞ்சம் மிச்சம். இன்னும் 10. முதல் நாளில் 30 போதும், 40-ஐத் தாண்டவே கூடாது, அவர் எவ்வளவு ஹெராயின் போட்டவராக இருந்தாலும் சரி. இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள் அதே 30.

இங்கே குடும்பத்துக்குப் பிடிபடாத கணக்கு ஒன்று இருக்கிறது. மெதடோன் பாதி கழிய ஏறத்தாழ ஒரு நாளுக்கு மேல் ஆகும், சிலருக்கு இரண்டு நாளும் ஆகும். திங்களன்று குடித்ததில் பாதி உள்ளே இருக்கும்போதே செவ்வாய்க்கிழமை மருந்து அதன்மேல் சேரும். அளவை மாற்றாமலே ஐந்து நாள் வரை ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். அண்டாவில் ஓட்டையை விடக் குழாய் பெரிதாக இருந்தால் என்ன ஆகும், அதே கதை. மெதடோனில் சாகும் ஆபத்து முதல் இரண்டு வாரத்தில் மிக அதிகமாக இருப்பது இதனால்தான்: மூன்றாம் நாள் "பத்தவில்லை" என்று தோன்றும், மேலே ஹெராயினோ தூக்க மாத்திரையோ போடுவார்கள், ஐந்தாம் நாள் எல்லாம் சேர்ந்து அழுத்தும்.

ம.வும் அதைத்தான் செய்தார். ஐந்தாம் நாள் 40-க்கு ஏற்றினோம். ஆறாம் நாள் மாலை யென் தலைகாட்ட, பக்கத்து வீட்டுப் பாட்டியின் குளோனாஸெபம் என்ற தூக்க மாத்திரை இரண்டு. மறுநாள் வரிசையில் நின்றபோது கண் செருகியது. மருந்து கொடுக்கும் தாதி அன்று கொடுக்கவில்லை. உட்காரவைத்து, பேசவைத்து, மூச்சை எண்ணி, மதியம் மருத்துவர் பார்த்த பிறகு பாதி அளவு கொடுத்தார். வரிசையில் இருந்தவர்கள் கத்தினார்கள். தாதி செய்தது சரி. சொக்கியபடி வருகிறவருக்கு முழு அளவு கொடுப்பது இரக்கம் ஆகாது.

அதன்பின் ஐந்து நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 மி.கி. மூன்றாம் வாரம் 60. அங்கே நிறுத்தும்படி அம்மா கேட்டார்: "கம்மியா இருந்தா சீக்கிரம் விட்டுடலாமே." இது மிகப் பரவலான எண்ணம், மிக அதிகமாகக் கெடுப்பதும் இதுதான். 60-இல் ம.வுக்கு யென் இல்லை, ஆனால் ஆசை இருந்தது. வாரத்துக்கு இரண்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். யென்னை நிறுத்தும் அளவு வேறு, மேலே போட்டாலும் ஏறாதபடி ஏற்பியை நிரப்பிவைக்கும் அளவு வேறு. பெரும்பாலானவருக்குப் பின்னது 60-க்கும் 120-க்கும் இடையில் எங்கோ இருக்கும். ம.வுக்கு 85. அந்த அளவில் ஒருநாள் ஊசி போட்டுப் பார்த்து, "காசு வீண்" என்றார். ஒரு நோயாளி சொல்லக்கூடிய மிக நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

வரிசை

மெதடோனை நாள்தோறும் நேரில் வந்து, தாதியின் கண்முன்னே குடித்து, வாய்திறந்து பேசிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். காலையில் சில மணி நேரம் மட்டுமே கொடுப்பார்கள். சில இடங்களில் அது காவல் நிலைய வளாகம். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் வராமல் போனவர்கள் பலர். பெண்கள் அதிலும் அதிகம்.

ம.வின் வேலை காலை ஏழு மணிக்கு, தீவின் மறு கோடியில். முதல் இரண்டு மாதத்தில் வேலை போயிற்று. போதையால் போகாத வேலை சிகிச்சையால் போயிற்று என்று அக்கா சொன்னது கசப்பான உண்மை. தீர்வு மருத்துவத்தில் இல்லை. வேறு ஒப்பந்தக்காரரிடம், எட்டரைக்குத் தொடங்கும் சின்ன வேலைகள். பெரிய நிறுவனம் எதுவும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும், சிறை போனவருக்கு அது கிடைப்பது கடினம். ஆக சான்றிதழ் கேட்காத, அதனால் கூலியும் குறைவான இடம்.

நான்காம் மாதம் காய்ச்சலில் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து 85 கேட்டார். தாதி 40 கொடுத்தார், சண்டை வந்தது. விதி இது: ஒரு நாள், இரண்டு நாள் தவறினால் அதே அளவு தரலாம். மூன்று நான்கு நாள் தவறினால் ஏறத்தாழப் பாதியிலிருந்து மறுபடி ஏற்றம். ஐந்து நாளைத் தாண்டினால் புதியவர் மாதிரி 30-க்கு மேற்படாமல். தண்டனை என்று நோயாளி நினைப்பார். காவடிக்கு மறுநாள் குளியலறையில் நடந்ததை நினைவூட்டியதும் ம. அடங்கினார். இந்த விதியைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது. சொல்லவில்லை, அது எங்கள் பக்கத்துத் தவறாகக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

காய்ச்சலுக்கு என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டதும் முக்கியம். ரிஃபாம்பிசின், எஃபாவிரென்ஸ் போன்றவை மெதடோனை வேகமாகக் கரைத்து, ஒன்றிரண்டு வாரத்தில் யென்னைக் கொண்டுவந்துவிடும்; காசநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மாத்திரை தொடங்கிய நோயாளி "மெதடோன்ல தண்ணி கலக்குறாங்க" என்று சொன்னால் இதுதான் காரணமாக இருக்கும். ஃபுளுகோனஸோலும் கிளாரித்ரோமைசினும் நேர் எதிர், அளவைக் கூட்டாமலே மெதடோனைக் கூட்டிவிடும்.

ஏழாம் மாதம் இன்னொரு சறுக்கல். பிரவுன் ஏறுவதில்லை என்பதால் சிமிக். செயற்கைக் கஞ்சா, இலையின் மேல் எந்த ரசாயனத்தைத் தெளித்திருக்கிறார்கள் என்பது விற்கிறவருக்கே தெரியாது. வழக்கமான கஞ்சாப் பட்டையில் காட்டாது. மாற்று மருந்து கிடையாது. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவரை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். மெதடோனை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இரண்டு பிரச்சினை ஆகியிருக்கும்.

மறுபடி காவடி

பத்தாம் மாதம் தைப்பூசம் நெருங்கியது. மொரீஷியஸில் அது பொது விடுமுறை. அம்மா தனியாக வந்து உட்கார்ந்தார்.

"விரதத்துல மருந்து எடுக்கலாமா டாக்டர்? அது போதை வஸ்துதானே. பத்து நாள் மட்டும் நிறுத்திட்டு அப்புறம் தொடரலாமா?"

"சர்க்கரைக்கு நீங்க மாத்திரை எடுக்கிறீங்கல்ல அம்மா, விரதத்துல அதை நிறுத்துவீங்களா?"

"அது வியாதி."

"பத்து நாள் நிறுத்தினா பதினோராம் நாள் என்ன ஆச்சுன்னு உங்க பொண்ணுகிட்ட கேளுங்க."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முருகனுக்குத் தெரியும் அது மருந்துன்னு" என்றார். கோயில் குருக்களிடமும் அவரே போய்க் கேட்டார். மருந்துக்கு விரதத்தில் தடை இல்லை என்று அவர் சொன்னது எங்கள் ஒரு மணி நேரப் பேச்சைவிட வேலை செய்தது.

பிறகு திட்டம் போட்டோம். காவடி நாளில் மருந்து எத்தனை மணிக்குத் தருவார்கள் என்று முந்தின வாரமே கேட்டு உறுதி செய்தோம். நாக்கில் வேல் குத்துவதானால் மருந்தை அதற்கு முன் குடித்தாக வேண்டும். குத்திய பிறகு நாக்கு வீங்கியிருக்க, மௌன விரதமும் இருக்க, தாதியின் முன்னே விழுங்கிப் பேசிக் காட்ட முடியாது. முந்தின நாளே இரண்டு நாள் அளவைச் சேர்த்துக் கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மெதடோன் தாராளமாக வியர்க்க வைக்கும். தை மாதம் இங்கே உச்ச வெயில், வெறுங்காலில் தார்ச்சாலை. வாந்தி பேதியோடு உடலில் உப்பு குறைந்தால் ஈ.சி.ஜி.யில் பார்த்த அந்தக் கியூ.டி.சி. இடைவெளி நீளும், அதுவும் மெதடோனில் இருப்பவருக்குக் கூடுதல் ஆபத்து. ஆகவே ஊர்வலத்துக்கு முன் வயிறு நிறைய நீர். வேல்கள் புதியவையாக, ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்குப் போகாதபடி. ஹெபடைடிஸ் சி உள்ளவர் என்பதால் இதைக் குத்துகிறவரிடம் ம.வே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அவர் யோசித்து, வேல் வேண்டாம், சம்போ எடுக்கிறேன் என்றார். பால் நிறைத்து, வாயை இலையால் கட்டித் தலையில் சுமக்கும் பித்தளைச் செம்பு. நம் செம்புதான் கிரியோலில் சம்போ ஆகியிருக்கிறது.

பதினோராம் நாள் காலை ஆறேகாலுக்கு வரிசையில் நின்றார். 85 மி.கி. குடித்தார்.

தங்கும் மையம் பற்றி

இத்தனைக்கும் நடுவில் அம்மா இரண்டு முறை ம.வை ஒரு தங்கும் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நினைத்தார். தவறான எண்ணம் அல்ல. வீடும் தெருவும் விற்பனை இடமாகவே இருக்கும்போது சில மாதம் விலகி இருப்பது உதவும். ஆனால் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை உண்டு. மருத்துவர் வருகிறாரா, வாரத்துக்கு எத்தனை முறை? மெதடோனில் இருப்பவரை அதோடு ஏற்றுக்கொள்வார்களா, அல்லது வாசலிலேயே நிறுத்தச் சொல்வார்களா? நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு அனுப்பக் கூடாது; மூன்று மாதம் கழித்து வெளியே வருகிறவர் பழக்கம் போன உடலோடு அதே தெருவுக்கு வருகிறார். வெளியேறும் நாளுக்கு அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள்? கதவு உள்ளிருந்து திறக்குமா? அடிப்பது, கட்டிப்போடுவது, குடும்பத்தைப் பார்க்கவிடாமல் வைப்பது இருந்தால் அது சிகிச்சை இடமே அல்ல. ஹெராயின் யென் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. தூக்க மாத்திரையையும் மதுவையும் சட்டென்று நிறுத்துவது வலிப்பு வரவைத்துக் கொல்லக்கூடும். இரண்டையும் ஒரே மாதிரி 'பூட்டிவை, சரியாகும்' என்று நடத்தும் இடத்தில் எவர் எப்போது சாவார் என்று சொல்ல முடியாது.

இப்போதைய நிலை

பதினான்கு மாதம். அளவு 85, கியூ.டி.சி. 441. கடைசிப் பன்னிரண்டு சிறுநீர்ப் பரிசோதனையில் மூன்றில் மார்ஃபின். முன்பு நாளுக்கு நான்கு முறை போட்டவர், இப்போது மாதத்துக்கு ஒன்று. தோல்வி என்று எண்ணுகிற மையங்களும் இருக்கின்றன. ஹெபடைடிஸ் சி-க்கு 12 வார மாத்திரை முடித்து, மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் கிருமி இல்லை. மறுபடி ஊசி பகிர்ந்தால் மறுபடி தொற்றும் என்பதையும் சொல்லியாயிற்று. மலச்சிக்கல் உண்டு, இசப்பகோல் உமியும் நீரும். பல் இரண்டு போய்விட்டது. ஆண்மைக் குறைவு பற்றிப் பதின்மூன்றாம் மாதம்தான் வாயைத் திறந்தார். மெதடோன் ஆண் சுரப்பைக் குறைக்கக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தால் முன்பே கேட்டிருப்பார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறது.

"எப்ப நிறுத்துவீங்க?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். ம. கேட்கவில்லை. அவர் கேட்கும் நாளில் வழி இது: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 மி.கி. குறைப்பது, 40-க்குக் கீழே அதையும் பாதியாக்குவது, ஆசை திரும்பினால் வெட்கப்படாமல் முந்தின அளவுக்கு ஏறுவது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம்.

இப்போதைக்குக் கைவசம் இருக்கும் வேலை வேறு. அடுத்த மாதம் அவருக்கு மாஹேபூர் பக்கம் நிலையான டைல்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மருந்து வாங்கும் இடத்தை அங்கே மாற்றக் கடிதம் போயிற்று. பழைய இடத்தில் பெயர் நீக்கப்படும் நாளுக்கும் புதிய இடத்தில் சேர்க்கப்படும் நாளுக்கும் இடையில் மூன்று நாள் விடுபடுகிறது. அந்த மூன்று நாளும் காலையில் அவர் எங்கே குடிப்பார் என்பது இன்னும் முடிவாகவில்லை.